நண்டு விதி

கல்லடி
ஒக்டோபர் 6

ஹப்ஸா,

செப்டெம்பர் முடிவதற்குள் நீர்க்கோலின் புதிய பதிப்பை வெளியிட்டுவிடலாம் என்று சொன்னவள் நீ. தொலைபேசியில் கேட்டால் இன்னும் ஒரு சோதனை என்கிறாய், இன்னும் ஒரு இயந்திரம் என்கிறாய். அதனால் மின்னஞ்சலில், எழுத்தில் கேட்கிறேன். எப்போது சரியென்று ஓம் சொல்வாய்?

ஜேர்மனியில், பிறேமனில் இருந்து பார்த்தால் இது நாம் இரண்டு பேரும் படிக்கிற காலத்தில் தொடங்கிய ஒரு சின்ன மென்பொருள். வாவியில் நட்ட கருவிகள் அனுப்பும் எண்களை வாசித்து, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று சொல்லும். எந்தெந்த நாட்டு ஆராய்ச்சிக்காரர்களோ இறக்கிப் பாவிக்கிறார்கள். அவர்கள் இன்னும் ஒரு மாதம் பொறுப்பார்கள். இங்கே மழை பொறுக்காது.

முகத்துவாரச் சண்டை உனக்குத் தெரியாததில்லை. மாரியில் வாவி நிரம்பினால் வவுணதீவுப் பக்கத்து வயல் வட்டைகளுக்குள் தண்ணீர் ஏறி நெல் வேளாண்மை அழுகும். வயல்காரர் மணல்திட்டை வெட்டிக் கடலுக்குத் தண்ணீரை விடு என்பார்கள். விட்டால் வளர்ந்து வரும் இறாலும் கூடவே போய்விடும் என்று தோணிக்காரர் மறிப்பார்கள். வருடா வருடம் இதே அடிபிடி. இந்த வருடம்தான் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்: நீர்க்கோல் அறுபது சென்ரிமீற்றர் காட்டினால் வெட்டுவது, காட்டாவிட்டால் இல்லை. இரண்டு பேரும் ஒரே வாயாகக் கேட்டால் அதிகாரிகளும் மறுக்கமாட்டார்கள்.

எண்ணை என் மடிக்கணினியில் காட்டினால், யோகராசாவின் மகள் தகப்பனின் வயலுக்காக மாற்றிவிட்டாள் என்பார்கள். அதற்காகத்தானே வலையிறவுப் பாலத்தடியில், கச்சி முகம்மது காக்காவின் தேத்தண்ணிக் கடையில் திரையைத் தொங்கவிட்டோம். அங்கிருந்த பழைய கணினி ஆடி மாதம் செத்துவிட்டது. இப்போது இருப்பது உள்ளங்கையளவு கணினிப் பலகை. நம்முடைய பழைய பதிப்பு அதில் ஓடாது. திரை கறுப்பாகத் தொங்குகிறது, காக்கா அதன்மேல் துவாய் காயப்போடுகிறார்.

நான் கேட்பது ஒரு ஓம். அதற்கு இவ்வளவு பிகு வேண்டாம்.

பிரஷாந்தி


பிறேமன்
ஒக்டோபர் 9

பிரஷா,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இரண்டாவது முறை கோபம் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது, அதனால் இப்போதே பதில் எழுதுகிறேன்.

பிகு இல்லை. கடையில் நீ வைத்திருக்கும் அதே பலகையை இங்கே வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன். போன வருடத்துக் கார்த்திகை மாதக் கோப்பை என் மடிக்கணினிக்கும் கொடுத்தேன், பலகைக்கும் கொடுத்தேன். மடிக்கணினி முப்பத்தொன்று என்கிறது. பலகை முப்பத்தெட்டு என்கிறது. அதே நிரல், அதே கோப்பு. எது சரி என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியாமல் எப்படி ஓம் சொல்வது?

வேறு இயந்திரங்களில் வந்த கோளாறுகளை எல்லாம் திருத்திவிட்டேன். இது ஒன்றுதான் பிடிபடவில்லை. திகதியைப் பார்த்தேன், கருவிகளின் வரிசையைப் பார்த்தேன். நண்டு விதியை மட்டும் தொடவில்லை. ஞாபகம் இருக்கிறதா, வவுணதீவுக் கருவியில் நண்டு ஏறி உட்கார்ந்து, வாவி ஒரே மூச்சில் ஒரு மீற்றருக்கு மேல் உயர்ந்துவிட்டதாகக் காட்டிய நாள்? நூறுக்கு மேல் துள்ளும் எண்ணைத் தூக்கி எறி என்று அன்றைக்கே எழுதினோம். அது பாவம், தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

இருவரும் ஓம் சொல்லாமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்று விதி வைத்தவள் நீ. நீ வயல்காரர் வீட்டுப் பிள்ளை, நான் இறால் வியாபாரி நௌஷாட் நானாவின் தங்கச்சி, ஒருத்தியின் சொல் ஊரில் எடுபடாது என்றாய். நானாவிடம் அதைச் சொன்னபோது அவர் சிரித்தார், ஆனால் சரி என்றார். கொஞ்சம் பொறு.

ஹப்ஸா


கல்லடி
ஒக்டோபர் 24

ஹப்ஸா,

பொறுத்தேன். மழை தொடங்கிவிட்டது.

நீ சொன்ன கோப்பை என் மடிக்கணினியில் ஓட்டினேன். முப்பத்தொன்று, சுத்தமாக. உன் மேசையில் கிடக்கும் பலகை பழுது, அவ்வளவுதான். கடைக்குப் போய் வேறொன்று வாங்கு.

இங்கே நான் படுகிற பாடு உனக்கு விளங்காது. தோணிக்காரர் சங்கத் தலைவர் ஜெயந்தன் அண்ணன் வாசலில் நின்று, "தங்கச்சி, உங்கட திரை எப்ப கண் முழிக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். கேலியா கேள்வியா என்று தெரியவில்லை. அப்பா கேட்பதே இல்லை, அது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. வட்டைக்குப் போய் வந்து, கால் கழுவி, சாப்பிட்டு, என்னைத் தாண்டிப் போய்ப் படுக்கிறார். மேகம் கறுத்தால் எழும்பிப் போய் வாசலில் நிற்கிறேன்.

இன்னொன்றும் எழுதவேண்டும். நௌஷாட் நானா இந்த வருடம் ஐஸ் பெட்டிகள் புதிதாக இறக்கியிருக்கிறார். திரை கறுப்பாக இருக்கும் ஒவ்வொரு நாளும் இறாலுக்கு நல்ல நாள். நானாவுக்காகத்தான் நீ இழுக்கிறாய், ஊர் அப்படி நினைக்கிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஊர் மட்டும் என்றால் அது பொய்யாகிவிடும். நானும் அப்படி நினைக்கிறேன்.

பிரஷாந்தி


பிறேமன்
ஒக்டோபர் 26

பிரஷாந்தி,

இரண்டாவது பலகை வாங்கினேன். அதுவும் முப்பத்தெட்டு என்கிறது.

நானாவைப் பற்றி நீ எழுதியதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. உன் வீட்டில் நோன்பு திறந்திருக்கிறேன், உன் அம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறார். அந்த வீட்டில் இருந்து இந்த வரி வந்தது என்பதை விழுங்க எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும்.

உனக்கு அவசரம் என்றால் என் பெயரை எடுத்துவிட்டு வெளியிடு. என் ஓம் மட்டும் கிடைக்காது.

ஹப்ஸா


கல்லடி
நவம்பர் 12

ஹப்ஸா,

கடிதம் எழுத எனக்கு முகமில்லை. ஆனாலும் எழுதுகிறேன், வேறு யாரிடமும் கேட்க முடியாது.

நான் வெளியிடவில்லை. உன் பெயரையும் எடுக்கவில்லை. ஆனால் சோதனைப் பதிப்பு என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டு, போன மாதக் கடைசியில் அதைக் கடைப் பலகையில் ஏற்றிவிட்டேன். திரையில் வெளிச்சம் வந்தது. காக்கா துவாயை எடுத்தார். ஆட்கள் தேத்தண்ணியோடு வந்து நின்று பார்த்தார்கள். அப்பாவும் வந்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தை மறைக்கமாட்டேன்.

எண் ஏறிக்கொண்டே போனது. மழை இரண்டு நாள் விட்டபோதும் இறங்கவில்லை. இன்று ஐம்பத்தேழு. வெள்ளிக்கிழமை அறுபதாகிவிடும் என்று வயல்காரர் அனுமதிக்கு எழுதி, மணல் வெட்டும் பெக்கோ இயந்திரத்துக்கும் சொல்லிவிட்டார்கள். ஜெயந்தன் அண்ணன் முணுமுணுத்தார், ஆனால் ஒத்துக்கொண்ட பேச்சு என்று சும்மா இருக்கிறார்.

இன்று பின்னேரம் பாலத்தால் வந்தேன். வலையிறவுத் தூணில் நாம் இரண்டு பேரும் ஐம்பதுக்கு அடித்த மஞ்சள் கோடு இருக்கிறதே, அது காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் அதற்கு நாலைந்து விரலாவது கீழே. அப்பாவிடம் சொன்னேன். காற்றுக்குத் தண்ணீர் அந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கும் என்றார். அவருக்கு அப்படி இருந்தால் நல்லது.

வீட்டுக்கு வந்து அதே எண்களை மடிக்கணினியில் ஓட்டினேன். நாற்பத்தொன்று.

நீ ஒரு மாதமாகச் சொன்னது இதைத்தான். அநியாயமாக வெட்டிவிட்டால் வாவி முழுக்க இறால் கடலுக்குப் போகும். யோகராசாவின் மகள் செய்தாள் என்பார்கள், அவர்கள் சொல்வதில் பிழையும் இருக்காது. எங்கே பிழை, ஹப்ஸா?

பிரஷா


பிறேமன்
நவம்பர் 13

பிரஷா,

வெட்ட விடாதே. மற்றதை எல்லாம் பிறகு வாசி.

மழை விட்டும் இறங்கவில்லை என்று எழுதினாயே, அந்த ஒரு வரிதான் பிடியைக் கொடுத்தது. நம்முடைய கருவிகள் நீர்மட்டத்தை அனுப்புவதில்லை. போன தடவையைவிட எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பதை மட்டும் அனுப்புகின்றன, குறுஞ்செய்தி சின்னதாக இருக்கவேண்டும் என்று நாம் செய்த கெட்டித்தனம். மூன்று ஏறினால் மூன்று. மூன்று இறங்கினால் கழித்தல் மூன்று. அந்தச் சின்ன எண்ணுக்குக் கழித்தலும் வரலாம் என்று நிரலில் நாம் எழுதிவைக்கவில்லை. எழுதாவிட்டால், நம் மடிக்கணினிகள் வரலாம் என்று தாமாகவே எடுத்துக்கொள்ளும். அந்தப் பலகை வராது என்று எடுத்துக்கொள்ளும். கழித்தல் மூன்று அதற்கு இருநூற்று ஐம்பத்தாறில் மூன்று குறைய, இருநூற்று ஐம்பத்துமூன்று.

அது மட்டும் என்றால் வாவி ஒரே நாளில் தென்னை உயரம் ஏறியிருக்கும், நாமும் சிரித்துக்கொண்டே பிடித்திருப்போம். நம் நண்டு விதி பிடிக்கவிடவில்லை. நூறுக்கு மேல் துள்ளுகிறது, நண்டு என்று தூக்கி எறிந்துவிட்டது. அந்தப் பலகையில் வாவி ஏறுவது மட்டும் கணக்கு, இறங்குவதெல்லாம் நண்டு.

திருத்தம் ஒரு சொல்தான். இத்துடன் அனுப்புகிறேன். ஆனால் அதை நீ தனியாக ஏற்றாதே. வெட்டாதே என்று நான் சொன்னால் என் நானாவுக்கு லாபம், அதை நீ ஏற்கனவே எழுதிவிட்டாய், ஊரும் சொல்லும். அதனால் என் வாயை நம்பச் சொல்லாதே. கடையில் எல்லோரும் இருக்கும்போது மடிக்கணினியையும் பலகையையும் பக்கத்தில் வை. திருத்தத்துக்கு முதலும் ஓட்டு, பிறகும் ஓட்டு. தூணையும் போய்ப் பார்க்கச் சொல்.

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். அது வேறு கணக்கு.

ஹப்ஸா


கல்லடி
நவம்பர் 15

ஹப்ஸா,

நீ சொன்னபடியே செய்தேன். பெக்கோ வந்து பாலத்தடியில் நின்றது. கடைக்குள் இடமில்லாமல் ஆட்கள் தெருவில் நின்றார்கள். பலகை ஐம்பத்தெட்டு என்றது, மடிக்கணினி நாற்பத்தொன்று என்றது. திருத்தத்தை ஏற்றினேன், பலகையும் நாற்பத்தொன்றுக்கு வந்தது. தூணில் மஞ்சள் கோடு காய்ந்து இருப்பதை ஜெயந்தன் அண்ணன் தோணியில் போய்ப் பார்த்து வந்தார்.

உன் அனுமதி இல்லாமல் ஏற்றியது நான்தான் என்றும் சொன்னேன். சத்தம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வயல்காரர் ஒருவர் பின் ஒருவராகச் சைக்கிளை எடுத்தார்கள். பெக்கோ திரும்பிப் போனது. அப்பா கடைசியாக எழும்பினார்.

"மூண்டு நாளைக்கு முதல் ஐம்பத்தேழு. இண்டைக்கு நாப்பத்தொண்டு. நாளைக்கு என்ன சொல்லுவாய் மகள்?"

ஏச்சு வாங்கியிருந்தால் நன்றாக அழுது முடித்திருப்பேன். தோணிக்காரர் மட்டும் கலகலப்பாகத் தேத்தண்ணி குடித்தார்கள், அதைப் பார்க்கவும் பயமாக இருந்தது. மழை இன்னும் முடியவில்லை. இனி உண்மையாகவே ஏறினால் இவர்களில் யார் நம்புவார்?

நானாவைப் பற்றி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க ஒரு வரி எழுதிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. அடுத்த கடிதத்திலும் முயற்சி செய்வேன்.

பிரஷா


கல்லடி
டிசம்பர் 2

ஹப்ஸா,

ஏறிவிட்டது. பலகையிலும் அறுபத்துமூன்று, மடிக்கணினியிலும் அறுபத்துமூன்று. தூணில் மஞ்சள் கோடு தண்ணீருக்குள் போய்விட்டது. அப்பாவின் வட்டையில் பள்ளக் காணிக்குள் தண்ணீர் நிற்கிறது, கதிர் வரும் பருவத்து வேளாண்மை. இரண்டு மூன்று நாள் நின்றால் வேர் அழுகிவிடும்.

தோணிக்காரர் அசையமாட்டேன் என்கிறார்கள். ஜெயந்தன் அண்ணன் மரியாதையாகத்தான் சொன்னார். "ஒருக்காப் பிழைச்ச பெட்டி, தங்கச்சி. மஞ்சக் கோட்டையும் நீங்கதானே அடிச்ச நீங்க." இறால் பிடிபடத் தொடங்கியிருக்கிறது, இன்னும் ஒரு கிழமை கிடைத்தால் போதும் என்று அவர்களுக்கு இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே வாயாகச் சொல்லாமல் அதிகாரிகள் பொறுப்பெடுக்கமாட்டார்கள். நான் சொன்னால் தகப்பனுக்காகச் சொல்கிறாள். அப்பா சொன்னால் வயலுக்காகச் சொல்கிறார்.

முழு எண்களையும் இத்துடன் அனுப்புகிறேன். உன் மேசையில் இருக்கும் இரண்டு பலகைகளிலும் ஓட்டிப் பார். பிழை என்றால் பிழை என்று எழுது, நான் அதையும் கடையில் வாசிப்பேன். சரி என்றால் உன் ஓம் வேண்டும். முதலில் நான் எனக்காகக் கேட்ட ஓம் இல்லை இது. அவர்கள் காதில் விழவேண்டிய ஓம்.

நௌஷாட் நானாவின் ஐஸ் பெட்டிகள் அரைவாசி வெறுமையாகக் கிடக்கின்றன, அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

பிரஷா


பிறேமன்
டிசம்பர் 2

பிரஷா,

கீழே இருப்பதைக் கடையில் சத்தமாக வாசி. ஒரு சொல்லும் கூட்டாதே, குறைக்காதே.

"நான் காத்தான்குடி ஹப்ஸா. இறால் எடுக்கும் நௌஷாட்டின் தங்கச்சி. போன மாதம் வெட்ட வேண்டாம் என்று சொன்னது நான்தான். அப்போது எண் பிழையாக இருந்தது. இன்று அனுப்பிய எண்களை நாலு இயந்திரங்களில் ஓட்டினேன். நாலும் அறுபத்துமூன்று என்கின்றன. வயல்காரர் சொல்வது சரி. இன்று வெட்டினால் என் வீட்டுக்கு நட்டம் என்பது எனக்குத் தெரியும். வெட்டுங்கள்."

இதை எழுதும் முன்பு நானாவுக்கு அழைத்தேன். அவர் எடுக்கவில்லை. குரல் பதிவாகச் சொல்லிவைத்திருக்கிறேன். உம்மாவிடம் கேட்டால், வெளியே போய்விட்டார் என்கிறா. அவர் கேட்டாரா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். பசிக்கவில்லை. எனக்குப் படிப்புச் செலவு செய்தவர் அவர், பிரஷா. எண்ணைப் படிக்க அனுப்பினார், அந்த எண் இன்று அவருக்கு எதிராக நிற்கிறது.

என்ன நடந்தாலும் உடனே எழுது.

ஹப்ஸா


கல்லடி
டிசம்பர் 9

ஹப்ஸா,

வெட்டியாகிவிட்டது, வாவி இறங்குகிறது என்று நான் அனுப்பிய ஒரு வரி கிடைத்திருக்கும். மிச்சத்தை உட்கார்ந்து எழுத இன்றுதான் முடிந்தது.

உன் கடிதத்தை வாசித்தேன். "நௌஷாட்டின் தங்கச்சி" என்ற இடத்தில் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். நானா அங்கே நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரு சொல்லும் விடாமல் முழுக்க வாசித்தேன். முடித்ததும் ஜெயந்தன் அண்ணன் அவரைத்தான் பார்த்தார்.

நானா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்காகவும் அவள் பொய் சொல்லமாட்டாள். எங்கட புள்ள அப்படி வளரல்ல. வெட்டுங்க."

அன்றைக்கே தோணிக்காரரும் வயல்காரரும் ஒன்றாகப் போய்ச் சொன்னார்கள், அடுத்த நாள் காலையில் பெக்கோ மணலில் இறங்கியது. அப்பாவின் பள்ளக் காணி தப்பவில்லை. மேட்டுக் காணி தப்பிவிட்டது. நானாவுக்கு இந்த வருடம் நட்டம்தான், அதை நான் இனிப்பாக்கி எழுதமாட்டேன். அவர் போகும்போது என்னிடம் கேட்டது ஒன்றுதான், அங்கே உனக்குக் குளிருக்குப் போதிய உடுப்பு இருக்கிறதா என்று. உன் குரலை இரண்டு தரம் கேட்டாராம், திருப்பி என்ன சொல்வதென்று தெரியாமல் அழைக்கவில்லையாம். நீயே மறுபடி அழை. எடுப்பார்.

அந்த மனிதரைப் பற்றித்தான் ஒக்டோபரில் அப்படி எழுதினேன். மன்னித்துவிடு. இதற்குமேல் அந்த வரி எனக்குச் சரியாக வராது.

இனி வேலை. எல்லா இயந்திரத்திலும் சோதனை முடிந்தது, ஓம் சொல்லிவிட்டேன், உன்னுடையது மட்டும்தான் பாக்கி என்று நேற்று எழுதியிருந்தாய். பார்த்தேன். உன் பேராசிரியர் கேட்கிறார், ஊர் உலகம் காத்திருக்கிறது, எல்லாம் விளங்குகிறது. ஆனால் என் ஓம் இப்போது வராது.

இன்று காலை அப்பா வட்டைக்குப் போக வெளிக்கிட்டு, திரும்பி வந்து என் மேசையடியில் நின்றார். நவம்பருக்குப் பிறகு அவர் என் அறைக்குள் வந்தது இன்றைக்குத்தான். சட்டைப் பையில் இருந்து தன்னுடைய பழைய கைப்பேசியை எடுத்து வைத்தார். கண்ணாடி வெடித்து, இறப்பர் வளையம் போட்டு வைத்திருப்பாரே, அதே கைப்பேசி.

"கடையில போய்ப் பாக்க வெக்கமாக் கிடக்கு மகள். இதிலயும் அது தெரியுமா?"

ஏற்றிப் பார்த்தேன், நீர்க்கோல் அதில் திறக்கக்கூட இல்லை. அது என்ன வகை இயந்திரம் என்று விபரம் எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். அதில் ஓடவேண்டும், எண்ணும் ஒன்றாக வரவேண்டும். அதுவரை பதிப்பு வெளியே போகாது. கொஞ்சம் பொறு.

பிரஷா